பேய்க்குப் பெயர் போடாத படம்

நடுச்சாமம், பகல் பதினொரு மணி

என் முதல் படத்தின் முதல் ஷாட் நடுச்சாமத்தில் நடப்பது. அதை நாங்கள் பகல் பதினொரு மணிக்கு எடுத்தோம்.

தேனிப் பக்கம், கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் ஒரு தென்னந்தோப்பு. தோப்புக்குள் கூரை போன பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்று. ஜெனரேட்டரும் பெரிய லைட்டுகளும் வாடகைக்கு எடுக்க எங்களுக்கு வசதியில்லை. அதனால் இரவைப் பகலிலேயே தயாரிக்க வேண்டியிருந்தது. சினிமாவில் இதற்கு ‘டே ஃபார் நைட்’ என்று பெயர். லென்ஸுக்கு முன்னால் சிவப்பு ஃபில்ட்டரை மாட்டி, வெளிச்சத்தை இரண்டு ஸ்டாப் குறைத்து எடுத்தால் கறுப்பு வெள்ளை ஃபிலிமில் நீல வானம் கறுத்துப்போகும். வெயில் நிலாவாகிவிடும். வானத்தில் மேகம் மட்டும் வரக்கூடாது. வெள்ளை மேகத்தை எந்த ஃபில்ட்டராலும் கறுப்பாக்க முடியாது.

கேமராமேன் வர்கீஸ் குமுளிக்காரர், மலையாளி. காலையிலிருந்து மலையையே பார்த்துக்கொண்டு நின்றார். “சாரே, சீக்கிரம். மேகம் ஏறி வந்தா நம்ம ராத்திரி போச்சு, கேட்டோ” என்றார்.

காட்சி இதுதான்: பேய் வருகிறது, காவல் நாய் குரைக்கிறது. நாய்க்குத் தோப்புக்காரரின் கோம்பை நாயையே ஏற்பாடு செய்திருந்தோம். அந்நியர் யாரையும் தோப்புக்குள் விடாத நாய் என்று ஊரில் அதற்குப் பெயர். ஆனால் பேயாக நடித்த செல்லத்தாய் அக்கா காலையில் அதற்கு நாலு இட்லி போட்டிருந்தார். கேமரா ஓட ஆரம்பித்ததும் அது பேயின் காலடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

“ஏலே, குலைடா! என் பொழப்பக் கெடுக்காத” என்று தலைவிரி கோலத்தில் நின்றபடி அக்கா அதட்டினார். அது வாலை ஆட்டியது.

கடைசியில் வர்கீஸ் வெயிலுக்காகக் கறுப்புக் குடையைப் பட்டென்று விரித்தபோது அது பாய்ந்து குரைத்தது. அதைத் தனியாக எடுத்து, வெட்டிச் சேர்த்தேன். படத்தில் அது பேயைப் பார்த்துக் குரைத்தது. உண்மையில் அது பார்த்தது குடையை. எடிட்டிங் என்பது இவ்வளவுதான்.

நான் எப்படிப் பேய்ப்படக்காரன் ஆனேன்

நான் உத்தமபாளையத்துக்காரன். அத்தாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, ஏலக்காய் வியாபாரம். அறுபதுகளின் நடுவில் பள்ளிக்கூடம் முடித்ததும் கடையில் உட்காராமல் ஒரு டூரிங் கொட்டகையில் அசிஸ்டென்ட் ஆபரேட்டராகச் சேர்ந்துவிட்டேன். கேபின் சுவரில் இரண்டு ஓட்டைகள் இருக்கும். ஒன்று ஒளி போக, இன்னொன்று நாங்கள் பார்க்க. படம் எத்தனையாவது தடவையோ ஓடிக்கொண்டிருக்கும். அதனால் நான் திரையை விட்டுவிட்டு ஜனங்களின் தலைகளைப் பார்ப்பேன். சிரிப்புக் காட்சியில் தலைகள் ஆடும். அழுகைக் காட்சியில் குனியும். பயம் வரும்போது மட்டும் தலைகள் ஒன்றையொன்று நெருங்கும். முன்பின் தெரியாதவர்கள்கூட ஒட்டி உட்காருவார்கள். அது எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு மெட்ராஸ் போய் எடிட்டிங் அறையில் உதவியாளனாக ஒன்பது வருஷம் இருந்தேன். எழுபதுகளின் கடைசியில், ஊரில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த மூன்று நண்பர்கள் துணைக்கு வர, சொந்தமாக ஒரு படம் எடுக்கத் துணிந்தேன். ஸ்டூடியோ கிடையாது, பெரிய நடிகர் கிடையாது. பயம் ஒன்றுதான் நட்சத்திரம் இல்லாமல் ஓடும் சரக்கு என்று எனக்கு ஒரு கணக்கு.

அத்தா கேட்டது ஒன்றே ஒன்றுதான். “ஜின்னு பேயின்னு படம் எடுக்குறவனுக்கு எவுக பொண்ணு குடுப்பாக?”

கதை சின்னது. பிள்ளையைப் பறிகொடுத்துச் செத்துப்போன ஒருத்தி, தன் பிள்ளையைத் தேடித் தொட்டில் தொட்டிலாக வருகிறாள். மூன்றாவது தொட்டிலில் இருக்கும் வேறொருத்தியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறாள்.

பின்னால் நடந்தவர்

செல்லத்தாய் அக்கா கோம்பையில் இட்லிக் கடை வைத்திருந்தார். லொகேஷன் பார்க்கப் போன நாளில் அங்கே சாப்பிட்டேன். மூன்றாம் தடவையாகச் சட்னி கேட்டபோது அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கண் இமைக்கவில்லை. எனக்குப் பேய் கிடைத்துவிட்டது.

அப்போது அவருக்கு நாற்பது வயதிருக்கும். இளம் வயதில் நாடக செட்டுகளில் காமிக் வேஷம் கட்டியவர். கல்யாணத்துக்குப் பிறகு விட்டுவிட்டார். கணவர் இறந்த பிறகு இட்லிப் பானைதான் துணை. ஒரே மகளைப் பொட்டிப்புரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்.

படத்தில் ஜனங்களை உலுக்கியது அவருடைய நடை. அதை இப்படித்தான் எடுத்தோம். அக்காவைப் பின்னோக்கி நடக்கச் சொன்னோம். வர்கீஸ் கேமராவைத் தலைகீழாகப் பிடித்து எடுத்தார். அந்த ஃபிலிம் துண்டைத் திருப்பிப் போட்டு ஒட்டினால், அவர் முன்னோக்கி வருவார். ஆனால் பாதம் தரையைத் தொடும் விதம் தவறாக இருக்கும். சேலை காற்றுக்கு எதிராகப் போகும். பார்ப்பவருக்கு என்ன தவறு என்று சொல்லத் தெரியாது. பக்கத்து ஆளை ஒட்டி உட்காருவார்.

மேக்கப்பும் தலைகீழ்தான். சிவப்பு ஃபில்ட்டரில் சிவப்பு வெளுத்துப்போகும், பச்சை கறுத்துப்போகும். அதனால் கன்னத்திலும் உதட்டிலும் அப்பிய சிவப்பு. கண்ணைச் சுற்றிக் குழைத்த பச்சை. படத்தில் பிணம், நேரில் பஞ்சவர்ணக்கிளி. தூக்கிக்கொண்டு போகும் பிள்ளையோ, துணியில் சுற்றிய ஒரு சுரைக்காய்.

கடைசி நாள் மேக்கப்பைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“தம்பி, படத்துக்கு முன்னாடி எழுத்துப் போடுவீகள்ல, அதுல என் பேரு வருமா? எனக்கு வேற எதுவும் படிக்கத் தெரியாது. என் பேர மட்டும் படிச்சிருவேன்.”

“வரும்க்கா. தனி கார்டுல வரும்” என்றேன்.

கேள்விக்குறி

படத்தை வாங்கி வெளியிட முன்வந்தவர் தேனிக் கடைவீதியில் மண்டி வைத்திருந்த ஒரு வியாபாரி. அவரை நாங்கள் முதலாளி என்றுதான் கூப்பிடுவோம். நல்ல மனிதர். படத்தைப் போட்டுப் பார்த்துவிட்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே, “இந்தப் பொம்பள யாரு?” என்றார். சொன்னேன்.

“அப்பப் பேரப் போடாதீக. கோம்பையில இட்லி சுடுற அம்மான்னு தெரிஞ்சா எவன் பயப்புடுவான்? பேரு வர்ற எடத்துல ஒரு கேள்விக்குறியப் போடுங்க. போஸ்டர்லயும் அதேதான். பேயா வர்றது யாரு? ஊரே பேசிக்கிரும்.”

பதினைந்து நிமிஷம் எதிர்த்துப் பேசினேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். பதினாறாவது நிமிஷம் சரி என்றேன்.

அவர் சொன்னபடியே நடந்தது. ஊர் பேசியது. தோப்பில் படம் எடுத்தபோது நிஜப் பேய் குறுக்கே வந்து கேமராவில் விழுந்துவிட்டது என்றார்கள். நடித்தவளைப் பேய் பிடித்துக்கொண்டது, அதனால்தான் பேர் போடவில்லை என்றார்கள். தேனியில் ஐந்தாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தபோது நான் லாட்ஜில் தங்கி அடுத்த கதை எழுத ஆரம்பித்திருந்தேன்.

அப்போதுதான் வர்கீஸ் வந்தார். தோப்பில் விட்டிருந்த கேமரா டிராலிப் பலகைகளை எடுக்கக் கோம்பைக்குப் போயிருந்தவர் அவர். உட்காராமலேயே சொன்னார்: “சேச்சியோட கடை பூட்டிக் கிடக்குது. ஆள்கள் பேசுறது கேட்டிட்டு எனக்கு மனசே செரியில்ல. நீங்க போகணும் சாரே.”

குடிப்பீகளா?

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் போனேன். அக்கா வீட்டுக்கு எதிர் வீட்டு நிலையில் வேப்பிலை கட்டியிருந்தார்கள். பக்கத்து வீட்டிலும். அக்கா என்னைப் பார்த்ததும் உள்ளே போய்க் காப்பி கலந்து கொண்டுவந்தார். டம்ளரை நீட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

“குடிப்பீகளா தம்பி?”

“ஏன்க்கா இப்படிக் கேக்குறீங்க?”

“ஊருக்குள்ள யாரும் என் கையால தண்ணி கூட வாங்குறதில்ல. அதான் கேட்டேன்.”

வாங்கிக் குடித்தேன். நாக்கு வெந்தது. நிறுத்தவில்லை.

நடந்ததைச் சொன்னார். உள்ளூர்க்காரர் நாலு பேர் தேனிக்குப் போய்ப் படம் பார்த்துவிட்டு வந்து, அது செல்லத்தாய்தான் என்று அடையாளம் சொல்லியிருக்கிறார்கள். நடிச்சிருக்கா, அதனாலென்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நடிச்சிருந்தா பேரு போட்டிருப்பாகள்ல என்று இன்னொருவர் திருப்பிக் கேட்டிருக்கிறார். முதலில் பிள்ளைக்காரிகள் இட்லி வாங்குவதை நிறுத்தினார்கள். யாரோ ஒருவரின் கன்றுக்குட்டி செத்தது. அதற்குப் பிறகு எல்லோரும் நிறுத்தினார்கள்.

“அது கெடக்கட்டும் தம்பி. மகளத் தலைப்பிரசவத்துக்கு அழைச்சிட்டு வரப் போனேன். சம்பந்தியம்மா அனுப்ப மாட்டேன்னுட்டாக. அங்கனயே பெத்துட்டா. பொம்பளப் பிள்ள. பாக்கப் போனா வாசல்லயே நிறுத்திட்டாக. ‘பச்சப் பிள்ள இருக்குற வீடு, பெறகு வாங்க’ன்னாக. பெறகுன்னா எப்பன்னு கேட்டேன். ‘அந்தப் படம் ஓடி முடியட்டும்’னாக.”

நான் காலி டம்ளரைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார்.

“என் பேரு வர்ற எடத்துல கேள்விக்குறி போட்டிருக்காமே? நெசமா?”

“ஆமாக்கா.”

“ஏன் தம்பி? நான் நல்லா நடிக்கலையோ?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். எத்தனையோ விமர்சனங்களைப் பிற்பாடு பத்திரிகைகளில் வாங்கியிருக்கிறேன். இந்தக் கேள்வி மாதிரி எதுவும் என்னைக் குத்தியதில்லை. நடந்ததை அப்படியே சொன்னேன். முதலாளி கேட்டதையும் நான் சரி என்றதையும் சொன்னேன். எல்லா பிரிண்டிலும் உங்கள் பெயரைப் போட்டுவிடுகிறேன், ஊரில் நோட்டீஸ் அடித்து ஒட்டுகிறேன் என்றேன்.

அவர் கீழே இருந்த டம்ளரை எடுத்துக்கொண்டார். “பேரப் போடுங்க. அது எனக்கு வேணும். ஆனா நோட்டீச யாரு படிக்கப் போறா? பயந்தது கண்ணு. கண்ணுக்குத்தான் காட்டணும். கொட்டகை வாசல்ல வச்சு எனக்கு வேசம் போடுங்க. எல்லாரும் பாக்கட்டும்.”

வேஷம் கலைத்தது

படம் அடுத்த வாரம் கோம்பை டூரிங் கொட்டகைக்கு வருவதாக இருந்தது. தேனிக்குப் போய் முதலாளியிடம் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

“ஓடுற பேய நீங்களே அடிச்சுக் கொல்லப் போறீகளா? வித்தைக்காரன் எவனாச்சும் பெட்டியத் தெறந்து காட்டுவானா?”

“முதலாளி, பேய நாமதான் செஞ்சோம். அதக் கொல்றதுக்கு நமக்கு உரிமை இருக்கு. அந்தம்மாவ நாம செய்யல.”

அவர் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். பிறகு, “படம் படுத்துருச்சுன்னா எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது” என்றார். அதுதான் அனுமதி.

பொட்டிப்புரத்துக்கும் போனேன். அக்காவின் சம்பந்தி சீனியம்மாள் கண்டிப்பான பெண்மணி, ஆனால் கெட்டவர் இல்லை. “எங்க குடும்பத்துக்கு ஒத்தப் பிள்ள பொறந்திருக்கு. நான் பயப்புடுறது தப்பா?” என்று கேட்டார். “தப்பில்லைம்மா. நேர்ல ஒரு தடவ பாத்துட்டுப் பயப்படுங்க” என்றேன். கொட்டகை வாசலில் அக்கா வேஷம் போடப்போகும் நாளைச் சொல்லிவிட்டு வந்தேன்.

படம் கோம்பைக்கு வந்த அன்று சாயங்காலம் நாலு மணி. கொட்டகை வாசலில் ஒரு பெஞ்சு, கண்ணாடி, மேக்கப் பெட்டி. கூட்டம் பத்தடி தள்ளித்தான் நின்றது. அக்கா வந்து உட்கார்ந்தார். நான் சிவப்பைக் குழைத்தேன். அவர் கன்னத்தில் பூசிக்கொண்டே பேச ஆரம்பித்தார். அத்தனை வருஷமாக அடங்கியிருந்த நாடகக்காரி வெளியே வந்தார்.

“ஆத்தா, நல்லாப் பாருங்க. இதுதான் பேயோட கன்னம். இது பேயோட ஒதடு. கல்யாணத்தன்னைக்குக் கூட நான் இம்புட்டுச் செவப்புப் பூசல!”

யாரோ சிரித்தார்கள். கண்ணைச் சுற்றிப் பச்சை பூசியதும், “என்னத்தா, கிளி மாதிரி இருக்க!” என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார். கூட்டம் மொத்தமும் சிரித்தது. பத்தடி ஐந்தடியானது. எழுந்து பின்னோக்கி நடந்து காட்டினார். ஒரு மாட்டுவண்டியில் முட்டிக்கொண்டு, “பேய்க்கு முதுகுல கண்ணு கெடையாது சாமி” என்றார். துணி மூட்டையைப் பிரித்துச் சுரைக்காயைத் தூக்கிக் காட்டினார். “நான் தூக்கிட்டுப் போன பிள்ள இதுதான். அன்னைக்கு ராத்திரியே கூட்டு வச்சுட்டோம்.”

கூட்டத்தின் ஓரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சீனியம்மாள் நின்றிருந்தார். சிரித்தாரா என்று தெரியவில்லை.

படம் ஆரம்பிக்கும் முன் நான் ஒரு வேலை செய்து முடித்திருந்தேன். மெட்ராஸில் புதிதாக எடுத்து வந்த டைட்டில் கார்டை, கேள்விக்குறியை வெட்டிவிட்டு, கேபினில் உட்கார்ந்து என் கையாலேயே ஒட்டினேன். மற்ற பிரிண்டுகளுக்கும் அதே கார்டை அனுப்பியிருந்தேன். திரையில் ‘செல்லத்தாய்’ என்று தனியாக வந்தபோது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுத்துக் கூட்டிச் சத்தமாக வாசித்தது. யார் குரல் என்று எனக்குத் தெரியும்.

அவர் அதுவரை படத்தைப் பார்த்ததில்லை. சீனியம்மாளும் பார்த்ததில்லை. பெண்கள் பக்கத்தில் வேறு இடமில்லாததால் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். நான் கேபின் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனதில் ஒரு அவநம்பிக்கை இருந்தது. இத்தனையும் காட்டிவிட்டோம், இனி யார் பயப்படுவார்கள்?

தோப்புக் காட்சி வந்தது. தென்னைகளுக்கு நடுவே அந்த நடை. மூன்றாவது தொட்டில். கொட்டகை முழுக்க அலறியது. கிளி என்று கேலி செய்த கிழவர் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டார்.

டூரிங் கொட்டகையில் ஒரே புரொஜெக்டர்தான். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டுவிட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த ரீல் அங்கே முடிந்தது. விளக்கு எரிந்தது. பார்த்தால், செல்லத்தாய் அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு, சீனியம்மாளின் தோளில் முகத்தைப் புதைத்து, அவர் கையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

சீனியம்மாள் குனிந்து அவரைப் பார்த்தார். பிறகு கொட்டகைக்கே கேட்கும்படி சிரித்தார். “அடியாத்தி! ஒன்னப் பாத்து நீயே பயப்புடுறியே மதினி!”

“யாத்தே, அது போச்சா? வெளக்கப் போட்டுட்டாகளா?” என்றார் அக்கா, கண்ணைத் திறக்காமல்.

மறுநாள் காலை சீனியம்மாளே ஆள் அனுப்பினார். அக்கா பொட்டிப்புரம் போய்ப் பேத்தியை மடியில் வாங்கிக்கொண்டார் என்று வர்கீஸ் வந்து சொன்னார். எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத முடியாது. வேப்பிலை கட்டிய எதிர் வீட்டார் கடைசிவரை அவரிடம் இட்லி வாங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் கடையை உத்தமபாளையத்துக்கு மாற்றிக்கொண்டார். படம், முதலாளி பயந்ததுபோல, படுக்கவில்லை. அதற்குப் பிறகு போன ஊர்களில் ரொம்ப ஓடவும் இல்லை.

கற்றுக்கொண்டது

எண்பதுகளில் இன்னும் மூன்று பேய்ப்படங்கள் எடுத்தேன். நேர்காணல்களில் ‘பேயை நம்புகிறீர்களா’ என்று கேட்பார்கள். நான் நம்புகிறேனா என்பது முக்கியமில்லை. ஜனங்கள் நம்புவார்கள் என்பதை நான் நம்ப வேண்டும். அதுதான் இந்தத் தொழிலின் பொறுப்பு. வேஷம் போட்டவர் வீட்டுக்குப் போகும்போது நம் பயம் அவருடன் போகக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதும் டைரக்டர் வேலைதான். புதிதாக இந்தப் பக்கம் வருகிறவர்கள் லென்ஸ், லைட்டு எல்லாவற்றையும் என்னைவிட நன்றாகக் கற்றுக்கொள்வார்கள். இதை யாரும் சொல்லித்தருவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

இரண்டாவது படத்தில் செல்லத்தாய் அக்கா ஒரு தாய் வேஷம் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் அவர் அழுகிற பிள்ளையை அள்ளி எடுக்கிற ஒரு சாதாரணக் காட்சி உண்டு. கொட்டகையில் ஜனம் கத்தியது: “பிள்ளையப் போடு! பிள்ளையப் போடு!” நான் வருத்தப்பட்டேன். அவர் வருத்தப்படவில்லை.

“பயத்த ஒரே படத்துல உண்டாக்கிட்டீக. அத எறக்க இன்னும் எத்தன படம் எடுக்கணுமோ, எடுங்க. நான் வாரேன்.”

வந்தார். நாலு படத்திலும் அவர் பெயர் தனி கார்டில் வந்தது. நாலாவது படத்தில் ஒரு மழைக் காட்சி. அவர் பிள்ளையைத் தூக்கி முந்தானைக்குள் போர்த்திக்கொண்டு நடப்பார். உத்தமபாளையத்தில் முதல் காட்சியன்று கேபின் ஓட்டையில் கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் பிள்ளையைத் தூக்கினார். போர்த்தினார். நடந்தார்.

கொட்டகையில் யாரும் கத்தவில்லை.